சரியான புளுகம்

உலகத்தில் யார் என்ன சாதனை செய்தாலும் என் கடையில் வாகனங்களுக்கு ரயர் பூட்டிய அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஆர் அளந்தது?"

கேலியாகக் கேட்கமாட்டார். சண்டைக்கும் கேட்கமாட்டார். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற மாதிரித்தான் கேட்பார். கேட்டுவிட்டு, கையில் இருக்கிற ரயரைத் திருப்பிப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருப்பார். பதில் சரியாக இருந்தால் "அப்ப சரி" என்று உடனே ஒப்புக்கொள்வார். பதில் இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறதுதான் எனக்குச் சுடும்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சுன்னாகம் சந்தைப் பக்கம், வெங்காயம் ஏற்றிவருகிற சைக்கிள்களுக்கு ஒட்டுப்போட்டுத் தொடங்கினேன். ஒரு பம்ப், ஒரு வாளி தண்ணீர், ஒரு அரம், அவ்வளவுதான் முதல். இன்றைக்கு மூன்று ரயர்க்கடை. வலிகாமத்தில் ஓடுகிற வாகனங்களில் பாதிக்கு என் கடை ரயர்தான். இதை எழுதும்போதே அவர் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி இருக்கிறது. ஒருவரும் அளக்கவில்லை. சரி, கனக்க வாகனங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் என் கடையில் பத்தொன்பது வருடம் ரயர் பூட்டினார். குருநகர்க்காரர். கடற்றொழில் குடும்பம், ஆனால் வள்ளத்தில் ஏறினால் அவருக்கு வாந்தி. அதனால் கரையில் தொழில் தேடி வந்தவர். அவருடைய அப்பா பிடித்த சுறாவைப் பற்றி ஒருமுறை சொன்னார். அப்பா இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டுவாராம். பின்னால் நிற்கிற அம்மா தன்னுடைய இரண்டு கையையும் கிட்டக் கிட்டக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு உண்மை நீளத்தைக் காட்டுவாவாம். "நான் அம்மான்ரை கையைப் பாத்து வளந்தனான் முதலாளி" என்றார். நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான், அது எனக்கும் சேர்த்துச் சொன்ன கதையோ என்று யோசித்தேன்.

ஏனென்றால் எனக்கும் ஒரு சுறா இருந்தது. இடம்பெயர்ந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய காரில், ரியூப்புக்குப் பதிலாக ரயருக்குள் வைக்கோல் அடைத்து, தென்மராட்சிக்குப் பதினான்கு பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வேன். ஒருநாள் ஒரு வங்கி மனேச்சருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் அந்தாளின் காரில் சில்லைக் கழற்றிக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார்:

"போன தைப்பொங்கலுக்குப் பன்னிரண்டு பேர் முதலாளி."

"என்ன?"

"பன்னிரண்டு எண்டு சொன்னனீங்கள். ரெண்டு பேர் பிறகு ஏறினவையோ?"

மனேச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் காது வரைக்கும் ஏறியது. அன்றைக்குப் பின்னேரம் கடை பூட்டும்போது கேட்டேன். "நீர் ஏன் ஆக்களுக்கு முன்னாலை என்னை மடக்கிறனீர்?"

"மடக்கேல்லை முதலாளி. பன்னிரண்டே பெரிய காரியம். அதைக் கெடுக்கிறியள் எண்டுதான்."

அப்படி ஒரு ஆள். கோபிக்கவும் முடியாது, விடவும் முடியாது. அவரை நான் வைத்திருந்ததற்குக் காரணம் அவருடைய கை. புது ரயரின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். ரயரின் பாரம் குறைந்த இடம் அது. காற்றடிக்கிற வால்வுக்கு நேரே அந்தப் பொட்டு வரும்படி பூட்டினால் சில்லு உதறாமல் ஓடும். கனக்கக் கடைகளில் அதைக் கவனிப்பதில்லை. இவர் கவனிப்பார். ஒருமுறை பலாலி விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்ற வான்காரன் ஹோர்ன் அடித்தபடி நிற்கிறான். இவர் பூட்டி முடித்த சில்லை மறுபடி கழற்றுகிறார். பொட்டு நாலு விரல் தள்ளிப் போய்விட்டதாம். நான் பேசினேன், வான்காரன் பேசினான், வானுக்குள் இருந்த ஒரு அம்மாவும் பேசினா. எல்லாம் கேட்டுக்கொண்டு, பொட்டை வால்வுக்கு நேரே கொண்டுவந்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். அவர் பூட்டிய சில்லு என்றால் நான் நூறு சில்லுக்குள் கண்டுபிடிப்பேன். பிறகு இதுவே எனக்கு வினையாக வந்தது.

என் தங்கையின் மகன் கனடாவிலிருந்து வந்து ஆறு மாதம் என் வீட்டில் நின்றான். கார்ப் பைத்தியம். பின்சில்லுகளை வழுக்கவிட்டு, காரைக் குறுக்கே குறுக்கே ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதே, டிரிஃப்ட் என்பார்கள், அதில் அவன் அங்கே பரிசெல்லாம் எடுத்தவன் என்று சொன்னான். நாளுக்கொரு வீடியோவைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டுவான்.

"இதைப் பாருங்கோ அண்ணை. மணித்தியாலக் கணக்கா நிப்பாட்டாமல் டிரிஃப்ட் அடிச்சிருக்கிறான். உலக சாதனை."

"எத்தினை சோடி ரயர் தம்பி?"

"ஒரே சோடி."

"ஆர் அளந்தது?"

"அது பெரிய ஆக்கள் அண்ணை. புத்தகத்திலையே போட்டிருக்கினம்."

"என்ன நிலம் எண்டு போட்டிருக்கே?"

மருமகனுக்குத் தெரியவில்லை. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடியோவைத் திரும்பவும் ஓடவிடச் சொன்னார். "நிலம் மினுங்குது. தண்ணி ஊத்தி விட்டிருக்கினம். ஈரத்திலை ரயர் வழுக்கும், தேயாது. அப்ப சரி, ஓடியிருப்பான். கெட்டிக்காரன்தான். ஆனால் தண்ணியைப் பற்றியும் சொல்லவேணும்."

இன்னொரு நாள் ஒரு கார் மலைப்பாதையில் வழுக்கிக்கொண்டே இறங்குகிறது. ஒரே ஓட்டம், வெட்டு இல்லை என்று கீழே எழுதியிருந்தது. இவர் பார்த்துவிட்டு, "மரத்துக்குப் பின்னாலை போகேக்கை சைட் கண்ணாடி இருந்தது. வெளியாலை வரேக்கை இல்லை. மரம் புடுங்கி வைச்சிட்டுதோ?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. மருமகனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம் அண்ணை."

"சந்தேகம் இல்லைத் தம்பி. நம்ப விருப்பம். அதுதான் பாக்கிறன்."

மருமகன் சாதனை செய்யப்போகிறேன் என்று வந்து நின்றபோது, உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் ஆசை. காரணம் இருந்தது. ஒரு வெளிநாட்டு ரயருக்கு வடக்கில் ஏஜென்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ரயரைப் போட்டு, காய்ந்த சீமெந்து நிலத்தில், ஒரே சோடியில் முக்கால் மணித்தியாலம் டிரிஃப்ட் அடித்துக் காட்டினால் ஏஜென்சி எனக்குத்தான். சாதனைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிற ஒரு நிறுவனத்தை மருமகனே சென்னையில் பிடித்தான். அச்சுவேலிப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு பழைய தொழிற்சாலையின் முற்றத்தை எடுத்தோம். பனர் அடித்தோம். பனரில் மருமகனின் படத்தைவிட என் படம் பெரிது.

இவரிடம் சொன்னேன். 

"காஞ்ச சீமெந்திலை ஒரு சோடி கால் மணித்தியாலம் நிண்டால் பெரிய காரியம் முதலாளி."

"இது விசேசமான ரயர்."

"ரப்பர் தானே?"

"உமக்கு விருப்பமில்லை எண்டால் வேறை ஆளைப் பிடிக்கிறன்."

"நான் பூட்டுறன். நல்லாப் பூட்டுறன்."

பூட்டினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு பின்சில்லுகளிலும் மஞ்சள் பொட்டு வால்வுக்கு நேரே நின்றது.

அதற்கு முதல் நாள் மருமகன் என்னிடம் புது ரயர் அடுக்கிய களஞ்சியத்தின் திறப்பை, சாவியைத்தான் சொல்கிறேன், வாங்கியிருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

அன்று நல்ல சனம். சென்னையிலிருந்து வந்த நடுவர் கழுத்தில் அட்டை போட்டு, கையில் மைக்கோடு நின்றார். கார் வட்டமடிக்கத் தொடங்கியதும் புகை எழும்பியது. ரப்பர் கருகுகிற மணம் வாய்க்குள் போய் ஒட்டியது. விதிப்படி இரண்டு தரம் பெற்றோல் அடிக்க நிறுத்தலாம். பெற்றோல் கான்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தன. கார் இரண்டு தரம் பின்னால் போனது, இரண்டு தரம் வந்தது. முக்கால் மணித்தியாலம் முடிந்ததும் வெடி கொளுத்தினார்கள். எனக்கு மாலை போட்டார்கள்.

நான் மாலையோடு நிற்கும்போது இவர் காரடியில் குந்தியிருந்தார். ஒரு பின்சில்லைப் பார்த்தார். எழும்பிப் போய் மற்றதையும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து காதுக்குள் சொன்னார்:

"முதலாளி, இது நான் பூட்டின சில்லு இல்லை."

நானும் எட்டிப் பார்த்தேன். வரி வரியாக இருந்த பூ எல்லாம் தேய்ந்து ரயர் மொட்டையாகிவிட்டது. ஆனால் பக்கவாட்டில் பொட்டு அழியவில்லை. வால்வு ஒரு பக்கம், பொட்டு ஒரு பக்கம். மற்றச் சில்லிலும் அப்படித்தான். பெற்றோலுக்குப் பின்னால் போன இரண்டு தரமும் சில்லு மாற்றியிருக்கிறார்கள்; கால் மணித்தியாலத்துக்கு ஒரு சோடியாக மூன்று சோடி. அவர் சொன்ன கணக்கு அச்சொட்டாகச் சரி.

"வாயைப் பொத்திக்கொண்டு நில்லும்" என்றேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை முதலாளி. சொல்லவும் மாட்டன்."

ஆனால் ஒரு படிவம் இருந்தது. ரயர் பூட்டியவர் கையெழுத்து வைக்கவேண்டும். பூட்டிய ரயர் இடையில் மாற்றப்படவில்லை என்று அதில் அச்சடித்திருந்தது. அவர் இரண்டு தரம் வாசித்தார். பேனையைத் திருப்பி என் கையில் தந்தார்.

"இதை மட்டும் கேக்காதேங்கோ."

அதற்குள் நடுவர் மைக்கோடு வந்துவிட்டார். "ஐயா, நீங்கதானே டயர் மாட்டினவரு? இந்தச் சாதனையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பொய்யும் சொல்லக்கூடாது, என்னையும் காட்டிக்கொடுக்கக்கூடாது. அதற்கு ஒரு சொல்லைத் தேடி எடுத்தார்.

"முதலாளிக்குச் சரியான புளுகம்."

எங்கள் பக்கத்தில் புளுகம் என்றால் மகிழ்ச்சி. முதலாளிக்கு நல்ல சந்தோசம் என்றுதான் சொன்னார். அது முழு உண்மை. ஆனால் சென்னைக்காரருக்குப் புளுகு என்றால் பொய் ஒன்றுதான் தெரியும்.

"புளுகா? யாரு சார் புளுகுறாங்க?" என்று மைக்கிலேயே கேட்டார்.

சனம் சிரித்தது. நடுவரின் பிழையைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா தெரியாது. நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். எங்கடை பாசையிலை அது சந்தோசம் ஐயா என்று சொல்லியிருந்தால் எல்லோரும் இன்னொரு தரம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் கையெழுத்து வைக்காத படிவம் என் கையில் இருந்தது. அவர் அங்கே நிற்கும்வரை அந்தக் கோட்டில் வேறு ஒருவரும் எழுதமுடியாது. இது எல்லாம் ஒரு நொடியில் எனக்கு விளங்கியது. வியாபாரத்தில் என்னை உயர்த்தியது இந்த விளக்கம்தான். மைக்கைப் பறித்தேன்.

"கேட்டியளோ சனங்களே, என்னைச் சரியான புளுகன் எண்டுறார். பத்தொன்பது வரியம் என்ரை கடையிலை நிண்ட ஆள். விடியவே ஒண்டைப் போட்டிட்டு வந்து நிக்கிறார். இண்டையோடை இவருக்கும் கடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவர் குடிக்கமாட்டார். அது அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். அவர் சொன்னது புளுகம் என்பதும் தெரியும். ஆனால் மாலை என் கழுத்தில் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் வாசல் படலை வரைக்கும் நடந்தார். பிறகு திரும்பி வந்தார். என்னவோ சொல்லப்போகிறார் என்று மைக்கை இறுக்கிப் பிடித்தேன். காற்சட்டைப் பைக்குள் இருந்த கொம்பிரசர் அறைத் திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

படிவத்தில் ரயர் பூட்டியவர் நான் என்று நானே கையெழுத்து வைத்தேன். ஏஜென்சி வந்தது. சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினேன்.

அந்த வீடியோ பின்னேரத்துக்குள் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைக்க நேரம் எடுக்காது. புளுகன் என்று முதலாளியைச் சொன்னவர் என்று தொடங்கி, அது தேய்ந்து தேய்ந்து, மூன்றாம் நாள் அவருக்கே புளுகர் என்று பெயராகிவிட்டது. நான் பார்த்ததில் பொய்யே சொல்லாத ஒரு மனிசன், சந்தையில் போனால் புளுகர் போகிறார். அவருடைய மகள் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாள். புளுகற்றை மகளிட்டை மருந்து வாங்கு என்பார்கள். வேறு இரண்டு ரயர்க்கடைகளில் வேலை கேட்டிருக்கிறார். மைக்கில் முதலாளியைக் கேவலப்படுத்தினவரை எப்படி எடுக்கிறது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வருடம் பொறுத்தார். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். எங்கே என்று தெரியாது என்றார்கள். நானும் தேடவில்லை.

தேடவில்லையே தவிர, ஆள் என்னை விட்டுப் போகவில்லை. யாராவது டிரிஃப்ட் வீடியோ காட்டினால் எனக்குக் காரில் கண் நிற்பதில்லை. நிலம் மினுங்குகிறதா, கார் எதற்குப் பின்னால் போகிறது, திரும்பி வரும்போது என்ன மாறியிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். சான்றிதழைக் கழற்றி ஒரு அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். மாட்டியிருந்த சதுரம் மட்டும் சுவரில் வெள்ளையாக நின்றது. சுவருக்குப் பூச்சு அடித்தேன்.

போன வருடம் ஒரு பஸ் சாரதி கடைக்கு வந்தபோது கதையோடு கதையாகச் சொன்னார். கரையோரம் ஒரு ஊரில், மீன் சந்தைக்குப் பின்னால், ஒரு மனிசன் ரயர் பூட்டுகிறார், மஞ்சள் பொட்டு வால்வுக்கு நேரே வராவிட்டால் காசே வாங்கமாட்டார் என்று. ஊரை நான் எழுதமாட்டேன். இப்போது எழுதினால் அவருக்குக் கெடுதல் இல்லை என்று ஆன பிறகுதான் இவ்வளவும் எழுதுகிறேன், அப்படியிருந்தும் எழுதமாட்டேன்.

என் ஜீப்பைச் சந்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டு நடந்துபோனேன். தகரக் கொட்டில். உழவு ரக்ரர் சில்லொன்றின் மேல் குனிந்திருந்தார். மயிர் முழுக்க வெளுத்துப்போயிருந்தது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்தார்.

"இருங்கோ முதலாளி."

ஒரு பழைய ரயரை இழுத்துப் போட்டார். இருந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"அண்டைக்கு நீர் சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது."

"ஓம்."

"புளுகம் எண்டுதான் கேட்டது."

"நீங்கள் சுன்னாகத்திலை பிறந்தனீங்கள். வேறை என்னெண்டு கேக்கும்?"

"தெரிஞ்சும் ஏன் நீர் ஒண்டும் கதைக்காமல் போனனீர்? திரும்பி வந்தனீர்தானே."

"திறப்புத் தர வந்தனான். கதைச்சால் ரயரையும் கதைக்கவேண்டி வரும். சொல்லமாட்டன் எண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டனே."

 நான் வியாபாரக் குரலை எடுத்தேன். "சரி. நடந்தது நடந்து போச்சு. நான் ஒரு கூட்டம் வைக்கிறன். அண்டைக்குப் போலை சனத்தைக் கூப்பிட்டு, மைக்கிலை சொல்லுறன். ரயர் மாத்தினதையும் சொல்லுறன். ஏஜென்சி போனால் போகட்டும். வீடியோ எடுத்து எல்லா இடமும் விடுறன்."

அவர் கையில் இருந்த லீவரைக் கீழே வைத்தார். அவர் பயந்து நான் பார்த்ததேயில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"முதலாளி, மகளுக்கு இஞ்சை ஒரு இடத்திலை கலியாணம் பேசியிருக்கு. நல்ல ஆக்கள். இஞ்சை ஒருத்தருக்கும் உந்தப் பட்டம் தெரியாது. நீங்கள் வீடியோ விட்டால் இஞ்சையும் வரும். நான் புளுகர் இல்லை எண்டு சொல்லுறதுக்கு, முதல் என்னைப் புளுகர் எண்டு சொல்லவேணுமே."

 என்னத்தைக் கொடுத்தாவது எதையும் திருப்பி எடுக்கலாம் என்று இருந்தவன் நான்.

"அப்ப நான் என்ன செய்ய?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

அந்த நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டிவந்தவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. இறங்காமலே கேட்டார். "என்ன சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமைக் கதை ஞாபகம்தானே?" பிறகு என்னைக் கவனித்தார். வெள்ளை வேட்டி, கைமணிக்கூடு, மோதிரம். "ஆர் உவர்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வழி கேட்டு வந்தவர்" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய்.

"எங்கை போகவேணுமாம்?"

"பஸ் ஸ்ராண்டுக்கு" என்றேன் நான்.

"அட, நானும் அங்காலைதான் போறன். ஏறுங்கோ ஐயா."

ஜீப் சந்தைக்கு முன்னால் நின்றது. பனர் அடித்த மாதிரி என் கடையின் பெயர் அதன் இரண்டு பக்கமும் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன். அவர் ரக்ரர் சில்லுக்குத் திரும்பக் குனிந்துவிட்டார். போகும் வழியில் சம்பந்தி காற்றுக்கு மேலால் கத்திக் கேட்டார்.

"எந்த ஊர் ஐயா?"

"அச்சுவேலிப் பக்கம்." சுன்னாகம் என்று சொல்லவில்லை.

"பேர்?"

காது கேளாதவன்போல இருந்தேன். அவர் திரும்பவும் கேட்டார்.

"என்ன தொழில் பாத்தனீங்கள்?"

"ஒரு தொழிலும் இல்லைத் தம்பி" என்றேன்.

பஸ் ஸ்ராண்டில் என்னை இறக்கிவிட்டும் அவர் போகவில்லை. நல்ல மனிசன். வயதுபோன ஆளைத் தனிய விடக்கூடாது என்று பக்கத்தில் நின்று, வந்த பஸ்சைக் கை காட்டி மறித்து, கொண்டக்டரிடம் சொல்லி எனக்கு இருக்க ஒரு சீற்றும் எடுத்துத் தந்தார். பஸ் வெளிக்கிட்டது; என் பெயர் போட்ட ஜீப் சந்தைக்கு முன்னாலேயே நின்றது.